கடிதம் பிரித்தவர்களைப் படைத்தலைமை என்று சொல்லலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்தின் 6888ஆவது மத்திய அஞ்சல் பட்டாலியனைப் பற்றி ஒரு படம் பார்த்திருக்கிறீர்கள். அதில் இருந்த கறுப்பினப் பெண்கள் துப்பாக்கி தூக்கவில்லை, கடிதம்தான் பிரித்தார்கள், அதாவது முகவரி பார்த்து வகைப்படுத்தினார்கள். அப்படியிருக்க, அவர்களுடைய மேஜர் சாரிட்டி ஆடம்ஸை இராணுவத் தலைமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது மிகையில்லையா, பெரிய அஞ்சலகம் ஒன்றின் போஸ்ட்மாஸ்டர் என்றால் போதாதா என்கிறீர்கள். அவருக்குப் பிறகு கறுப்பினப் பெண்கள் அந்தப் படையில் உண்மையிலேயே மேலே வந்தார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சண்டை போடாத ஒருவர் தளபதியாக இருக்க முடியுமா என்பதே உங்கள் கேள்வியின் அடியில் இருக்கும் சந்தேகம் என்று எனக்குப் படுகிறது.

நான் அஞ்சல் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். ஆர்.எம்.எஸ். என்னும் ரயில்வே அஞ்சல் பிரிவில் கடிதம் வகைப்படுத்தும் சார்ட்டிங் வேலையில் ஆரம்பித்து, நடுவில் ஆறு வருடம் டெபுடேஷனில் இராணுவ அஞ்சல் சேவைக்குப் போய் வாரண்ட் ஆபீசராக இருந்தேன். அமெரிக்க வரலாற்றில் பட்டம் வாங்கியவன் இல்லை. ஆனால் என் தொழிலைச் செய்தவர்கள் என்பதால் இந்தப் பட்டாலியனைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் பல வருடங்களாக வாசித்து வருகிறேன். ஆகவே தபாலைப் பற்றி நான் சொல்வதைக் கைப்பழக்கத்தில் தெரிந்ததாகவும், அமெரிக்க இராணுவத்தைப் பற்றிச் சொல்வதை வாசித்துத் தெரிந்ததாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

'கடிதம்தான் பிரித்தார்கள்' என்றீர்களே, அந்தத் 'தான்'-இல் இருந்து தொடங்குகிறேன். வடக்கே ஒரு ஃபீல்டு போஸ்ட் ஆபீசில் நான் இருந்தபோது நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய உறை ஒன்று பையிலிருந்து விழுந்தது. முகவரி 'செல்வம், மிலிட்டரி, 56 ஏ.பி.ஓ.' (இராணுவ அஞ்சலகம்) அவ்வளவுதான். நம்பர் இல்லை, யூனிட் பெயர் இல்லை, அனுப்பியவர் விவரமும் இல்லை. முத்திரையில் ஊர்ப்பெயர் பாதி அழிந்து, ஒரு 'பட்டி' மட்டும் தெரிந்தது. சாதாரணத் தபாலாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்போம். திருப்பவும் வழியில்லை. தமிழ் ஆட்கள் இருந்த யூனிட்டுகளுக்கு ஒவ்வொன்றாகக் கேட்டு அனுப்பினேன். மூன்று செல்வங்கள் கிடைத்தார்கள். மூன்றாவது செல்வத்தின் ஊர் ஒரு 'பட்டி'யில் முடிந்தது. உறை அவர் கைக்குப் போனபோது பதினொரு நாள் ஆகியிருந்தது. தங்கையின் கல்யாணம் முடிந்து நாலு நாள். அவர் உறையைப் பிரிக்கவில்லை. மஞ்சளை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரே ஓர் உறைக்கு எனக்குப் பதினொரு நாள்.

1945 பிப்ரவரியில் இந்தப் பெண்கள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துக்கு வந்து சேர்ந்தபோது அவர்களுக்காகக் காத்திருந்தது ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் உருப்படி. கடிதங்களும் பொட்டலங்களும் கூரை வரை அடுக்கப்பட்டிருந்தன. கிறிஸ்துமஸுக்கு வீட்டிலிருந்து வந்த கேக்கையும் பிஸ்கட்டையும் எலிகள் தின்றுகொண்டிருந்தன. விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஜன்னல்களுக்குக் கறுப்பு பூசியிருந்ததால் உள்ளே பகலிலும் விளக்கு வேண்டும். கட்டடம் குளிர்ந்து கிடந்தது. பெண்கள் கம்பளி உள்ளாடைக்கு மேல் இரண்டு மூன்று உடுப்பு போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். உறைகளில் சிலவற்றில் 'ஜூனியர், அமெரிக்க இராணுவம்' என்று மட்டும் எழுதியிருந்தது. இதை முதன்முதலாக வாசித்தபோது எனக்கு என் செல்வம்தான் நினைவுக்கு வந்தார்.

ஐரோப்பாவில் அப்போது ஏறத்தாழ 70 லட்சம் அமெரிக்கர்கள் இருந்தார்கள். ஓயாமல் இடம் மாறினார்கள். மருத்துவமனைக்குப் போனார்கள், வேறு யூனிட்டுக்குப் போனார்கள், செத்துப்போனார்கள். ஆளுக்கு ஓர் அட்டை வைத்து, அதில் பெயரையும் படை எண்ணையும் கடைசியாக இருந்த இடத்தையும் எழுதி, இடம் மாறும்போதெல்லாம் திருத்தினால்தான் ஒரு கடிதம் போய்ச் சேரும். ராபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் 7,500 பேர் இருந்ததாகப் பட்டாலியனின் வரலாறு சொல்கிறது. படை எண்ணை வைத்துத்தான் ஒரு ஸ்மித்தை இன்னொரு ஸ்மித்திடமிருந்து பிரிக்க முடியும். ஆள் இறந்துவிட்டார் என்று உறுதியானால் உறையை அவ்வாறு குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். இதில் கை தவறினால், உயிரோடு இருக்கிற மகனின் வீட்டுக்குச் சாவுச் செய்தி போகும். எங்கள் வேலையில் யாரும் அலட்சியமாகத் தொடாத கட்டு அதுதான். அந்தப் பெண்கள் அதை நாள் முழுக்கத் தொட்டார்கள்.

எண்ணிக்கைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஷிப்டுக்கு எட்டு மணி நேரம், நாளுக்கு மூன்று ஷிப்டு, ஷிப்டுக்கு 65,000 உருப்படி என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஆறு மாதத்தில் முடிக்கச் சொன்ன வேலையை மூன்று மாதத்தில் முடித்தார்கள் என்பதும் அப்படியே. நாளுக்கு 1,95,000 என்று வைத்து 90 நாளால் பெருக்கினால் 1 கோடியே 75 லட்சம் வருகிறது, கிட்டத்தட்ட அந்தத் தேக்கத்தின் அளவே. ஆனால் தபால்காரனாக எனக்கு ஒரு நெருடல் உண்டு. பழைய குவியல் கரையும்போது புதுத் தபாலும் தினமும் வந்துகொண்டுதான் இருந்திருக்கும். அப்படியானால் இந்த 65,000-இல் பழையது எவ்வளவு, புதியது எவ்வளவு? ஆகவே கடைசி இலக்கம் வரை அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டாம். தேக்கம் கோடிக்கணக்கில் இருந்ததும், அது மூன்று மாதத்தில் தீர்ந்ததும் நம்பத்தக்கவை. அந்த வேகத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

இனி அந்த மேஜர். சாரிட்டி ஆடம்ஸ் 1918 டிசம்பரில் வட கரோலினாவில் பிறந்து, தென் கரோலினாவின் கொலம்பியாவில் வளர்ந்தவர். அப்பா போதகர், அம்மா ஆசிரியை. ஒஹாயோவின் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்துவிட்டு, ஊருக்குத் திரும்பிப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். 1942 ஜூலையில் பெண்கள் துணைப்படையின் முதல் அதிகாரிப் பயிற்சி வகுப்பில் சேர அயோவாவின் டெ மாய்ன் முகாமுக்குப் போனார். வகுப்பில் 440 பேர். பத்துக்கு ஒருவர் என்ற ஒதுக்கீட்டில் சுமார் 40 பேர் கறுப்பினத்தவர். ஒன்றாகப் பயணம் செய்து, ஒன்றாகச் சாப்பிட்டு வந்தவர்களை, முகாமில் இறங்கியதும் கறுப்பினப் பெண்கள் எல்லாரும் ஒரு பக்கமாக நில்லுங்கள் என்று பிரித்தார்கள். சீருடை ஒன்றுதான், படுக்கையும் சாப்பாட்டு மேசையும் வேறு.

அந்த முகாமிலேயே அவர் ஒரு கம்பெனியின் பொறுப்பாளராகி, 1943-இல் மேஜரானார். கறுப்பினப் பெண்களுக்கென்று தனிப் பயிற்சி ரெஜிமென்ட் அமைக்க ஒரு திட்டம் வந்தது. அதற்கு ஆடம்ஸே தலைவர் என்றார்கள். பதவி உயர்வு கையில் வந்து நிற்கிறது. அவர் மறுத்துவிட்டார், நிறத்தை வைத்துப் பிரித்த படைக்குத் தலைவியாக வந்து அந்தப் பிரிவினைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்பதே அவர் நிலை. திட்டம் கைவிடப்பட்டது. அப்படிப்பட்டவர் 1945-இல் முழுக்கக் கறுப்பினப் பெண்களே இருந்த 6888-ஐ ஏற்றது முரண் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் இது பல நாள் உறுத்தியது. என் தீர்ப்பு இது: முதலாவது, பிரிவினையை இன்னும் ஒரு படி கூட்டும் திட்டம். இரண்டாவது, அதுவரை மூடிக் கிடந்த ஒரு கதவு. கறுப்பினப் பெண்களையும் கடல் தாண்டி அனுப்ப வேண்டும் என்று கறுப்பினக் கல்வியாளரும் உரிமைப் போராளியுமான மேரி மெக்லியோட் பெத்யூன் போன்றவர்கள் வெகுகாலம் போராடித்தான் அந்தக் கதவு திறந்தது.

855 பேர், அவர்களில் 31 பேர் அதிகாரிகள். கேப்டன் அபி கேம்பெல் துணைத் தளபதி. ஆடம்ஸுக்கு வயது 26. அதைத் தன்னிறைவான பட்டாலியன் என்பார்கள். சமையல், வண்டி பழுதுபார்ப்பு, காவல், சம்பளக் கணக்கு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் அவர்களே. போஸ்ட்மாஸ்டர் மாலையில் ஆபீசைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். தளபதிக்கு அது கிடையாது. வேலை முடிந்து போகிற ஷிப்டு எங்கே தூங்குகிறது, என்ன சாப்பிடுகிறது, யாருக்குக் காய்ச்சல், ஊரிலிருந்து யாருக்கு மோசமான செய்தி வந்திருக்கிறது என்பதற்கும் அவரே பதில் சொல்ல வேண்டும். தங்கள் தலைமுடியைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் இல்லாததால் பட்டாலியனுக்குள்ளேயே ஓர் அழகு நிலையம் நடத்தினார்கள். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 2014-இல் கூட அமெரிக்க இராணுவத்தின் முடி விதிகள் கறுப்பினப் பெண்களின் இயல்பான முடிக்கு இடையூறாக இருக்கின்றன என்று புகார் எழுந்து, அந்த ஆண்டே சிலவற்றைத் திருத்த வேண்டி வந்தது.

லண்டனில் விடுமுறைக்குப் போகும் அவருடைய பெண்களுக்கென்று செஞ்சிலுவைச் சங்கம் தனி விடுதி ஏற்பாடு செய்தது. அதுவரை மற்றப் படைவீராங்கனைகளோடு ஒரே விடுதியில் தங்கி வந்தவர்கள் அவர்கள். புது விடுதி நன்றாகத்தான் இருந்தது. தன் பட்டாலியனைச் சேர்ந்த ஒருவரும் அங்கே தங்கமாட்டார் என்று ஆடம்ஸ் சொல்லிவிட்டார். அவர்களும் தங்கவில்லை. அவர் கட்டளையாகப் போட்டால் ஒரு காகிதம் போதும். ஆனால் ஒதுக்கிவைத்ததை ஏற்பதில்லை என்று நூற்றுக்கணக்கான பெண்கள் தாங்களாகவே தீர்மானித்து, ஒருவர்கூட நழுவாமல் நின்றதில்தான் அவருடைய தலைமையை நான் பார்க்கிறேன்.

ஒரு ஜெனரலோடு ஆடம்ஸ் மோதிய விஷயத்துக்கு வருவோம். பார்வையிட வந்த ஜெனரல், பாதிக்கு மேல் ஆட்கள் அணிவகுப்பில் இல்லையே என்று கேட்கிறார். மூன்று ஷிப்டு ஓடுகிறது. ஒரு பங்கு வேலையில் இருக்கிறது, ஒரு பங்கு தூங்குகிறது என்று ஆடம்ஸ் விளக்குகிறார். இந்தப் படையை எப்படி நடத்துவது என்று காட்டிக் கொடுக்க ஒரு வெள்ளைக்கார லெப்டினன்டை அனுப்புகிறேன் என்கிறார் ஜெனரல். இராணுவத்தில் இருந்தவர்களுக்கு இது எங்கே குத்தும் என்று தெரியும். லெப்டினன்டுக்கு மேல் கேப்டன், கேப்டனுக்கு மேல் மேஜர். இரண்டு படி கீழே உள்ள ஒருவரை, நிறம் ஒன்றையே தகுதியாக வைத்து, மேஜருக்குப் பாடம் சொல்ல அனுப்புகிறேன் என்கிறார். 'என் பிணத்தைத் தாண்டித்தான் அது நடக்கும், சார்' என்றார் ஆடம்ஸ். இராணுவ நீதிமன்ற விசாரணைக்கு ஜெனரல் ஆயத்தமானார். நிறப் பிரிவினையை வலியுறுத்தும் பேச்சுக்கு எதிராக மேல் தலைமையகம் விடுத்திருந்த அறிவுறுத்தலைப் பிடித்துக்கொண்டு ஆடம்ஸும் ஜெனரல் மீது குற்றச்சாட்டு தயாரித்தார். ஜெனரல் தன்னுடையதைக் கைவிட, ஆடம்ஸும் தன்னுடையதைக் கைவிட்டார்.

இந்தச் சம்பவம் பெரும்பாலும் அவர் பின்னாளில் எழுதிய நினைவுகள் வழியாகவே நமக்கு வருகிறது என்பதை மறக்கக் கூடாது. இரண்டு பேர் மோதியதில் ஒருவருடைய பக்கம். சொற்கள் அச்சு அசல் அப்படியே இருந்தன என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் விசாரணை எதுவும் நடக்கவில்லை என்பதும், அதே 1945 டிசம்பரில் அவர் லெப்டினன்ட் கர்னலாக உயர்ந்தார் என்பதும் ஐயமில்லாதவை. பெண்கள் படையில் இயக்குநரைத் தவிர வேறு யாரும் அப்போது அதற்கு மேல் போக முடியாது.

படம் பார்த்தவர்கள் சொல்லும் இரண்டு தவறுகளையும் திருத்திவிடுகிறேன். அந்தப் போரில் வெளிநாடு போன கறுப்பினப் பெண்கள் இவர்கள் மட்டும்தான் என்பது சரியில்லை. கறுப்பின இராணுவச் செவிலியர்கள் 1943-இலேயே லைபீரியாவுக்குப் போயிருக்கிறார்கள். கடல் கடந்த ஒரே கறுப்பினப் பெண்கள் பட்டாலியன் என்றால் சரி. படைநடத்திய முதல் கறுப்பினப் பெண் ஆடம்ஸ் என்பதும் சரியில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863 ஜூன் 2-ஆம் தேதி தென் கரோலினாவின் கம்பாஹி ஆற்றில் நடந்த தாக்குதலில், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஹாரியட் டப்மன் வேவு ஆட்களோடு வழிகாட்ட, எழுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகள் ஒரே இரவில் விடுதலையானார்கள். ஏட்டில் தளபதி கர்னல் ஜேம்ஸ் மான்ட்கோமரி. டப்மன் 'தலைமை தாங்கினார்' என்பதா, 'வழிநடத்தினார்' என்பதா என்று வாதிடலாம். அவர் கொண்டுவந்த தகவல் இல்லாமல் அந்தப் படகுகள் நகர்ந்திருக்காது என்பதில் வாதம் இல்லை.

மேலே வந்தார்களா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு: வந்தார்கள், மிகத் தாமதமாக. 1948-இல் ஒரே கோடையில் இரண்டு மாற்றங்கள். ஜூன் மாதச் சட்டம் பெண்களை நிரந்தரப் படையில் சேர்த்தது. ஜூலையில் ஜனாதிபதி ட்ரூமன் படையில் இனப் பாகுபாட்டை நீக்க ஆணையிட்டார். ஆனால் அந்தச் சட்டமே பெண்களின் எண்ணிக்கைக்கு 2 சதவீதம் என்று வரம்பு வைத்து, பதவிக்கும் கூரை போட்டது. 1967 வரை ஒரு பெண் ஜெனரலாகவே முடியாது. திறமை இருந்திருந்தால் வந்திருப்பார்களே என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்த ஆண்டை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

1979-இல்தான் முதல் கறுப்பினப் பெண் ஜெனரல். ஹேசல் ஜான்சன், இராணுவச் செவிலியர் படையின் தலைவர். இளவயதில் சொந்த ஊரின் செவிலியர் பள்ளி அவரை நிறத்துக்காக மறுத்தது. நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனைக்குப் போய்ப் படித்து வந்தார். மருத்துவத்துக்கு வெளியே இருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள் ஷெரியன் கடோரியா, 1985. லூசியானாவில் பருத்தி பறித்து வளர்ந்தவர். இராணுவப் போலீஸில் இருந்தவர். கடற்படையில் மிஷெல் ஹவர்ட் 1999-இல் ரஷ்மோர் என்ற கப்பலின் தலைமையை ஏற்றார். அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று கறுப்பினப் பெண்ணின் பொறுப்பில் வந்தது அதுவே முதல் முறை. 2014 ஜூலை 1-இல் அந்தக் கடற்படையின் முதல் நான்கு நட்சத்திரப் பெண் அட்மிரலானார். விழாவுக்குத் தோள்பட்டைச் சின்னம் வாங்கப் போனால், பெண்கள் அளவில் நான்கு நட்சத்திரம் வைத்தது யாரும் செய்யவே இல்லை. தனியாகச் சொல்லிச் செய்ய வேண்டி வந்தது. 1979-லிருந்து எண்ணினால் 35 வருடம்.

6888-இன் பெண்களுக்கு நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் தரும் சட்டம் 2022 மார்ச்சில்தான் கையெழுத்தானது. ஆடம்ஸ் 2002 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். வர்ஜீனியாவில், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் தளபதி ராபர்ட் லீயின் பெயரில் இருந்த இராணுவக் கோட்டைக்கு, 2023 ஏப்ரலில் கறுப்பின ஜெனரல் ஆர்தர் கிரெக்கின் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்து கிரெக்-ஆடம்ஸ் என்று வைத்தார்கள். 2025-இல் அதை எடுத்துவிட்டு, வேறொரு லீயின் பெயரில் மறுபடியும் லீ கோட்டை ஆக்கிவிட்டார்கள். இதைத் தட்டச்சு செய்யும்போது எனக்கு மனசு கனக்கிறது. மறைக்க விரும்பவில்லை.

போஸ்ட்மாஸ்டர் போதாதா என்ற கேள்விக்கு மிச்சமிருப்பதையும் சொல்கிறேன். பர்மிங்காம் வேலை முடிந்து பட்டாலியன் பிரான்சின் ரூவான் நகரத்துக்குப் போயிற்று. அங்கேயும் தேங்கிக் கிடந்த தபால். 1945 ஜூலை 8-ஆம் தேதி ஒரு ஜீப் விபத்து. மேரி பார்லோ, மேரி பாங்க்ஸ்டன் இருவரும் அன்றே போய்விட்டார்கள்; சார்ஜன்ட் டொலோரஸ் பிரவுன் சில நாள் கழித்து. அடக்கத்துக்கு இராணுவத் தலைமையிடமிருந்து பணம் வரவில்லை. பட்டாலியன் பெண்கள் தங்கள் சம்பளத்திலிருந்து வசூல் செய்தார்கள். பிணத்தைப் பக்குவம் செய்யும் வேலை தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று ஆடம்ஸ் தன் அணிக்குள்ளேயே கேட்டார். சிலர் முன்னே வந்தார்கள். தங்களோடு அதே மேசையில் உறை பிரித்தவர்களைக் குளிப்பாட்டிச் சீருடை உடுத்திப் பெட்டியில் வைத்தவர்கள் அவர்களே. நார்மண்டியில் கொல்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி இருக்கும் அமெரிக்கப் போர்க் கல்லறையில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கிடக்கிறார்கள். அவர்களில் பெண்கள் நான்கு பேர். மூன்று பேர் இவர்கள்.